ஏலத்தோட்டத்து எடை நோட்டைக் கிளவுடில் ஏற்றுவது: சர்வர்லெஸ் புராஜெக்ட், தொடக்கம் முதல் டிப்ளாய் வரை

கம்பத்திலோ போடியிலோ வீடு, இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் என்று வாழும் குடும்பங்கள் தேனி மாவட்டத்தில் ஏராளம். விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும். பறித்த பச்சைக்காயை எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டு கீழே வந்து கணக்குப்பிள்ளை கைக்குச் சேர வாரக் கடைசி ஆகிவிடும். இந்த நோட்டின் வேலையைப் போனுக்கு மாற்றி, எடை விவரம் அன்றைக்கே ஊருக்கு வந்து சேரும்படி ஒரு சிறிய சர்வர்லெஸ் புராஜெக்ட் கட்டுவதுதான் இந்த வழிகாட்டி. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

ஏலக்காய் எடுப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. சீசனில் ஒரு செடிக்கு மறுசுற்று வர 30 முதல் 45 நாள் ஆகும். வெயில் காலத்தில் எடுப்பே இருக்காது. பன்னிரண்டு மாதமும் ஓடும் சர்வருக்கு வாடகை கட்டுவதைவிட, பதிவு வரும்போது மட்டும் ஓடி, ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு கேட்கும் சர்வர்லெஸ் முறை இந்தத் தொழிலுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

மொத்த அமைப்பு

போன் ஆப்பில் எடையைப் பதிந்ததும் அது ஏபிஐ கேட்வே என்ற நுழைவாயிலுக்குப் போகிறது. கேட்வே லாம்டா ஃபங்ஷனை (அழைக்கும்போது மட்டும் ஓடும் நம் நிரலை) எழுப்புகிறது. ஃபங்ஷன் சரிபார்த்து, டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் டேபிளில் எழுதுகிறது. இரவில் இன்னொரு ஃபங்ஷன் அன்றைய கூட்டலைப் போட்டு, ஒரு சிஎஸ்வி கோப்பாக எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பில் வைக்கிறது. இந்த நான்கையும் ஒரே டெம்ப்ளேட் கோப்பில் எழுதி, சாம் என்ற கருவி மூலம் மேலே ஏற்றுகிறோம் (டிப்ளாய் என்பது இதுதான்). வெப் கன்சோலில் கையால் கிளிக் செய்து கட்டினாலும் வேலை நடக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து எதை எங்கே மாற்றினோம் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளிலிருந்தே எல்லாம் டெம்ப்ளேட்டில் இருக்கட்டும்.

கணக்கு திறந்த முதல் அரைமணி நேரம்

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு உடனே எம்எஃப்ஏ (இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு) போடுங்கள். பிறகு பயனர் அனுமதிகளைக் கவனிக்கும் ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டரில் உங்களுக்கென ஒரு பயனரை உருவாக்கி, அன்றாட வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ரூட் பெயரில் ஆக்சஸ் கீ உருவாக்கவே வேண்டாம். லேப்டாப்பிலோ கிட்ஹப்பிலோ அது கசிந்தால் மொத்தக் கணக்கும் போய்விடும்.

அடுத்து பில்லிங் பக்கத்தில் மாதம் 5 டாலர் என்று ஒரு பட்ஜெட் வைத்து, 50, 80, 100 சதவீதத்தில் மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை தருமே தவிர எதையும் நிறுத்தாது. பில் விவரம் சேரவும் சில மணி நேரம் பிந்தும். ஆகவே இதை மட்டும் நம்பியிருக்காமல், பின்னால் சொல்லப்போகும் வேக வரம்பையும் கட்டாயம் வையுங்கள்.

ரீஜன் (சர்வர்கள் இருக்கும் இடம்) விஷயத்தில் இந்தியாவுக்குள் மும்பை, ஹைதராபாத் இரண்டும் உண்டு. மும்பை 2016-இல் வந்தது, ஹைதராபாத் 2022-இல். இந்த அளவு வேலைக்கு இரண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. பழைய ரீஜன் என்பதால் மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, ஒன்றைத் தேர்ந்த பிறகு கலக்காமல் இருப்பது. டேபிள் மும்பையிலும் ஃபங்ஷன் ஹைதராபாத்திலும் இருந்தால் ‘ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று பிழை வரும். கன்சோலில் டேபிள் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் காரணம் பிடிபடாமல் அரை நாள் போய்விடும்.

புதுக் கணக்கென்றால் சர்வீஸ் கோட்டா பக்கத்தில் லாம்டாவின் ஒரே நேர ஓட்ட எண்ணிக்கையையும் பாருங்கள். வழக்கமான அளவு 1000. புதுக் கணக்குகளில் 10 என்றும் இருப்பதுண்டு. குறைவாக இருந்தால் கூட்டித் தரக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

கருவிகள்

மூன்று போதும்: பைத்தான், ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ இரண்டாம் பதிப்பு, சாம் சிஎல்ஐ. ‘ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர் எஸ்எஸ்ஓ’ என்று தட்டி உள்ளே நுழையுங்கள். பிறகு ‘சாம் இனிட்’ தட்டி, ஹலோ வேர்ல்ட் மாதிரியைத் தேர்ந்து, தேவையில்லாததை அழித்துவிட்டுத் தொடங்கலாம்.

டெம்ப்ளேட்டில் எழுதும் பைத்தான் பதிப்பும் லேப்டாப்பில் இருக்கும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் 3.12 என்று இருந்து மெஷினில் 3.11 இருந்தால் ‘சாம் பில்ட்’ அங்கேயே நின்றுவிடும். டெம்ப்ளேட்டின் யாமல் கோப்பில் டேப் பொத்தானைத் தொடக்கூடாது. இரண்டு ஸ்பேஸ் மட்டும்.

டேபிள்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

மலையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேட்டில் ஒரு கோடு, பள்ளத்தில் அதுவும் கிடையாது. கணவாய் இறங்கும்போது கேரள டவர் விட்டு தமிழ்நாட்டு டவர் பிடிக்கும் இடைவெளியில் இணைப்பு அறுந்து ஒட்டும். இந்தச் சூழலில் ஒரு பதிவு என்ன ஆகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். போன் 12 கிலோ 400 கிராமை அனுப்புகிறது. அது கேட்வேயை அடைந்து, லாம்டா ஓடி, டேபிளில் எழுதியும் ஆகிவிட்டது. ‘சரி, வந்தது’ என்ற பதில் திரும்பும் வழியில் சிக்னல் போய்விடுகிறது. போனுக்குப் பதில் வரவில்லை. ஆகவே மறுபடி அனுப்புகிறது. அதன் பக்கம் தப்பே இல்லை. டேபிளில் இப்போது இரண்டு 12,400.

இது வெறும் கணக்குப் பிழையாக நிற்காது. 100 கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) காய்ந்தால் சுமார் 20 கிலோ தேறும். ஐந்துக்கு ஒன்று என்பது எல்லோர் மனதிலும் இருக்கும் கணக்கு. பச்சைக்காய் எடை இரட்டையாக ஏறினால், காய்ந்த எடை குறைந்ததுபோல் தெரியும். கேள்வி ஸ்டோரில் ராத்திரி கண்விழித்துக் காய் காய்ச்சியவர் மேல் பாயும். ஒரு மனிதரின் நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் டேபிளின் சாவியை வடிவமைக்கும்போதே இதை அடைத்துவிட வேண்டும். பின்னால் ஒட்டுப்போட முடியாது.

வழி இதுதான். எடையைப் பதிந்து ‘சேமி’ என்று தொட்ட அந்த நொடியில், போனே வேறெந்தப் பதிவுக்கும் வராத யூயூஐடி எண் ஒன்றை உருவாக்க வேண்டும். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே எண்தான் போக வேண்டும். டேபிளில் ஒரு பதிவை அடையாளம் காட்டும் சாவிக்கு இரண்டு பகுதி. பார்ட்டிஷன் கீ என்பது தோட்டக் குறியீடும் தேதியும் சேர்ந்தது. சார்ட் கீ அந்த யூயூஐடி.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வரிசையாகத் தெரியட்டும் என்று சார்ட் கீயில் சர்வர் நேரத்தைச் சேர்ப்பது. இரண்டாம் முறை வரும்போது நேரம் மாறியிருக்கும், சாவியும் மாறும், இரட்டைப் பதிவு தாராளமாக உள்ளே நுழையும். இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது: தேதியை அனுப்பும் நேரத்தில் கணக்கிடுவது. மாலை 6 மணிக்குப் பதிந்தது, முதல் முறை போய்ச் சேர்ந்து பதில் வராமல், நள்ளிரவு தாண்டி மறுபடி போனால் தேதி மாறிவிடும். பார்ட்டிஷன் கீ வேறாகிவிடும். ஆகவே யூயூஐடி, எடை போட்ட தேதி, நேரம் மூன்றும் ‘சேமி’ தொட்ட கணத்திலேயே உறைந்துவிட வேண்டும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைத் தனிப் புலமாக வைத்துக்கொள்ளுங்கள். சாவியில் அது வேண்டாம்.

எழுதும்போது ‘இந்தச் சாவி ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் எழுது’ என்று நிபந்தனை வைக்க வேண்டும். டைனமோடிபியில் அதற்கு ‘ஆட்ரிபியூட் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற சோதனை இருக்கிறது. நிபந்தனை தோற்றால் பழைய பதிவையும் சேர்த்துத் திருப்பித் தரும்படி கேட்கலாம். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் போனுக்கு 200 (சரி, வந்தது) என்றே பதில் சொல்லுங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை எண் அனுப்பினால் போன் தோல்வி என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். பேட்டரியும் போகும், லாகும் (ஃபங்ஷன் ஓட்டத்தின் பதிவேடும்) நிரம்பும். எண் ஒன்றாக இருந்து எடை வேறாக இருந்தால் மட்டும் 409 (முரண்பாடு) அனுப்பி, அந்தப் பதிவைப் போனில் சிவப்பில் காட்டுங்கள்.

எடையைத் தப்பாகப் பதிந்துவிட்டால்? நோட்டில் என்ன செய்வார்களோ அதேதான். பழையதை அழிக்காமல் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுவார்கள் அல்லவா, அதுபோல ‘திருத்தம்’ என்ற வகையில் புதிய பதிவு ஒன்றை, பழைய பதிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். டேபிளில் ஏறிய எதையும் திருத்தவும் அழிக்கவும் போனுக்கு அனுமதி தர வேண்டாம்.

டேபிளை ஆன் டிமாண்ட் முறையில் (பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம்) வையுங்கள். 25 ஜிபி வரை சேமிப்புக்குக் கட்டணம் இல்லை. இலவசமாகச் சொல்லப்படும் 25 படிப்பு, எழுத்து அலகுகள் அளவை முன்கூட்டியே குறிக்கும் புரொவிஷன்ட் முறைக்கு மட்டும்தான். ஆனால் நம் அளவுக்கு ஆன் டிமாண்ட் செலவு சில்லறைதான். அளவு கணிக்க வேண்டிய தலைவலியும் இல்லை. பாயின்ட் இன் டைம் ரிகவரியை இயக்கினால் கடந்த 35 நாளில் எந்த நொடிக்கும் டேபிளை மீட்கலாம். டெம்ப்ளேட்டில் டெலிஷன் பாலிசி, அப்டேட் ரீப்ளேஸ் பாலிசி இரண்டையும் ‘ரீடெய்ன்’ என்று எழுதிவிடுங்கள். பின்னாளில் யாராவது சாவியின் பெயரை மாற்றி டிப்ளாய் செய்தால், டெம்ப்ளேட்டை நிறைவேற்றும் கிளவுட்ஃபார்மேஷன் சேவை புது டேபிளை உருவாக்கிப் பழையதை அழிக்கப் பார்க்கும். அந்த இரண்டு வரிதான் அப்போது ஒரு சீசன் கணக்கைக் காப்பாற்றும்.

ஃபங்ஷன் எழுதும்போது

டேபிள் இணைப்பை ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடும் பகுதிக்கு) வெளியே, கோப்பின் தலையில் உருவாக்குங்கள். லாம்டா ஒருமுறை விழித்த பிறகு அடுத்தடுத்த அழைப்புகளுக்கு அதே இணைப்பு உதவும். டைம்அவுட் ஒன்றும் சொல்லாவிட்டால் 3 விநாடி. முதல் விழிப்பும் முதல் டேபிள் இணைப்பும் சேர்ந்து வரும் நாளில் அது போதாமல் போகலாம். 10 விநாடி வையுங்கள். மெமரி 256 எம்பி. மெமரியைக் கூட்டினால் சிபியுவும் அதே விகிதத்தில் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. 1,769 எம்பியில்தான் முழு ஒரு சிபியு கிடைக்கிறது. ஃபங்ஷன் மெதுவாக இருந்தால் நிரலைக் குடைவதற்கு முன் 512-க்கு ஏற்றிப் பாருங்கள். ஆர்க்கிடெக்சரை ஆர்ம்64 என்று போட்டால் ஓடும் நேரக் கட்டணம் 20 சதவீதம் குறைவு.

கேட்வேயில் எச்டிடிபி ஏபிஐ வகையை எடுங்கள்; ரெஸ்ட் வகையைவிட மலிவு. இதில் ஃபங்ஷனுக்கு வரும் ஈவென்ட்டின் (அழைப்பு விவரத்தின்) வடிவம் இரண்டாம் பதிப்பு. பழைய மாதிரி நிரல்களில் எச்டிடிபி மெத்தட் நேராக மேல்மட்டத்தில் இருக்கும். இதில் ‘ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட்’டுக்குள் போய்த் தேட வேண்டும். அப்படியே ஒட்டினால் ‘கீ எரர்’ வரும், போனில் 500 (சர்வர் பிழை) என்று தெரியும். பாடி (போன் அனுப்பிய தகவல்) என்பது ஒரு சரம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். ஜேசனாகப் பிரித்த பிறகே உள்ளே கை வைக்க முடியும்.

அடுத்த இடறல் எடை எண். பைத்தானின் ஃப்ளோட்டை டைனமோடிபி ஏற்காது. ‘ஃப்ளோட் டைப்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்’ என்று நின்றுவிடும். டெசிமலாக மாற்றி எழுதினால், திரும்ப ஜேசனாக அனுப்பும்போது அங்கே இன்னொரு பிழை. முதல் பிழையைத் தவிர்க்க எடையை முழுக் கிராமில் வையுங்கள்: 12.4 கிலோ என்றால் 12400. டேபிளிலிருந்து படிக்கும்போது முழு எண்ணும் டெசிமலாகவே வரும்; ஜேசனாக்கும் முன் அதை இன்ட்டாக மாற்றிவிடுங்கள். போனிலும் ஃப்ளோட்டாகப் பெருக்கிக் கிராமாக்கி வெட்ட வேண்டாம். 1.005-ஐ 1000-ஆல் பெருக்கினால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது 1004.999 சொச்சம், முழு எண்ணாக வெட்டினால் 1004. கிலோவுக்கு ஒரு பெட்டி, கிராமுக்கு ஒரு பெட்டி என்று திரையிலேயே பிரித்து வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வாசித்ததும் ஒரு வரம்பையும் பாருங்கள்: பூச்சியம், எதிர்மறை, ஒரே எடையில் ஆள் தூக்க முடியாத அளவு ஆகியவை 400 (தவறான தகவல்) என்று திரும்பட்டும்.

போன் கடிகாரத்தை முழுக்க நம்ப முடியாது. எடை நேரம் எதிர்காலத்தில் இருந்தாலோ ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருந்தாலோ தள்ளிவிடாமல், ஒரு கொடி அடையாளம் வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். மலையில் உழைத்தவரின் எடையைக் கடிகாரம் தப்பு என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது.

பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள்

எல்லையோரத் தோட்டங்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பட்டியலில் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் கலந்திருக்கும். ‘கொ’ என்ற எழுத்தைச் சில கீபோர்டுகள் ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக அனுப்பும்; சில இரண்டு தனித்தனிக் குறிகளாக அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு பெயர். ‘பொன்னுத்தாய்’ பட்டியலில் இரண்டு ஆளாகி, ஒருவர் எடை இரண்டாகப் பிரியும். சேமிக்கும் முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தமிழுக்கு இது தீரும். மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு அதுவும் போதாது. பழைய முறையில் எழுதிய சில்லும் புதிய முறையில் எழுதிய சில்லும் என்எஃப்சிக்குப் பிறகும் வேறு வேறாகவே நிற்கும். ஆகவே ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணையே பதிவில் வையுங்கள். பெயர் திரையில் காட்டுவதற்கு மட்டும்.

லாகில் தமிழ்ப் பெயர் எண்ணும் எழுத்துமாகச் சிதறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஜேசன் டம்ப்ஸில் ‘என்ஷ்யூர் ஆஸ்கி’யை ஃபால்ஸ் ஆக்கினால் நேராக வரும்.

கதவுக்குப் பூட்டு

டிப்ளாய் ஆன நிமிடமே உங்கள் யூஆர்எல் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும். யாருக்கும் தெரியாது என்பது பாதுகாப்பு ஆகாது. பயனர் நுழைவைக் கவனிக்கும் காக்னிட்டோவில் ஒரு யூசர் பூல் உருவாக்கி, எடை போடுபவருக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். எச்டிடிபி ஏபிஐயில் ஜேடபிள்யூடி ஆதரைசரை இணைத்துவிட்டால், சரியான டோக்கன் (உள்நுழைந்ததற்கான அடையாளச் சீட்டு) இல்லாத அழைப்பு லாம்டாவை எட்டாமலே 401 (அனுமதி இல்லை) வாங்கித் திரும்பும். ஓடிபி எஸ்எம்எஸ் வழியை இப்போதைக்குத் தொட வேண்டாம். இந்தியாவில் அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிந்தாக வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வரப்போவதும் இல்லை.

தோட்டக் குறியீட்டைப் போன் அனுப்பும் பாடியிலிருந்து எடுக்காதீர்கள். டோக்கனுக்குள் இருக்கும் விவரத்திலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தோட்டத்தின் போன் இன்னொரு தோட்டத்தின் கணக்கில் எழுத முடியும்.

காக்னிட்டோவின் ஆக்சஸ் டோக்கன் வழக்கமாக ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். புது டோக்கன் வாங்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு 30 நாள். பகல் முழுக்க சிக்னல் இல்லாமல் இருந்த போன் மாலையில் அனுப்பும்போது 401 வருவது சாதாரணம். அப்போது ஆப் புது டோக்கன் வாங்கி, அதே யூயூஐடியுடன் மறுபடி அனுப்ப வேண்டும். 401 வந்த பதிவைக் கழித்துக்கட்டும் ஆப் ஒரு நாள் கூலியைக் கழித்துக்கட்டுகிறது.

வேக வரம்பு: எச்டிடிபி ஏபிஐயில் ரூட் செட்டிங்கில் விநாடிக்கு 20, பர்ஸ்ட் (திடீர்க் குவியல்) 40 என்று வையுங்கள். ஜீப்புகள் ஒரே நேரத்தில் கீழே இறங்கி எல்லாப் போனும் சேர்ந்து அனுப்பினாலும் இது தாங்கும். 429 (வரம்பு தாண்டியது) வாங்கிய போன் 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி முயலட்டும். ஃபங்ஷனுக்கான அனுமதியும் குறுகலாக இருக்கட்டும்: எழுதும் ஃபங்ஷனுக்கு சாம் தரும் டைனமோடிபி ரைட் பாலிசி, அறிக்கை ஃபங்ஷனுக்கு ரீட் பாலிசி, அந்த ஒரு டேபிளுக்கு மட்டும்.

டிப்ளாய்

‘சாம் வேலிடேட்’, ‘சாம் பில்ட்’, பிறகு ‘சாம் டிப்ளாய்’ உடன் கைடட் என்ற விருப்பம். இந்த வரிசைதான். கைடட் கேட்கும் கேள்விகளில் ஸ்டாக் (டெம்ப்ளேட்டிலிருந்து உருவாகும் மொத்தத் தொகுப்பு) பெயருக்கு ‘எடை-டெவ்’ என்பதுபோல் சோதனை என்று தெரியும் பெயரைக் கொடுங்கள். ரீஜன் மும்பை. மாற்றங்களைக் காட்டிவிட்டுச் செய்யவா என்பதற்கு ஆம். ஐஏஎம் ரோல் உருவாக்க அனுமதிக்கவா என்பதற்கும் ஆம். மறுத்தால் ‘இன்சஃபிஷியன்ட் கேப்பபிலிட்டீஸ்’ என்று நின்றுவிடும். ஒரு ஃபங்ஷனுக்கு ஆதரைசேஷன் இல்லாமல் இருக்கலாம், பரவாயில்லையா என்று ஒரு கேள்வி வந்தால் மட்டும் இல்லை என்று சொல்லி டெம்ப்ளேட்டுக்குத் திரும்புங்கள். ஆதரைசர் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம்.

முதல் டிப்ளாய் பாதியில் தோற்றால் ஸ்டாக் ‘ரோல்பேக் கம்ப்ளீட்’ நிலையில் நிற்கும். அதன்மேல் மறுபடி டிப்ளாய் செய்ய முடியாது. அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரீடெய்ன் போட்ட டேபிள் பின்தங்கி நின்று, நீங்கள் டேபிளுக்குக் கையால் பெயர் வைத்திருந்தால், அடுத்த முறை ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தடுக்கும். பெயரைச் சாமிடமே விட்டுவிடுவது நல்லது. பிழைப் பட்டியலைக் கீழிருந்து மேலாக, நேர வரிசையில் படியுங்கள். முதலில் தோற்ற வரிதான் காரணம், மற்றவை அதனால் ரத்தானவை.

டெவ் ஒழுங்காக ஓடிய பிறகு அதே டெம்ப்ளேட்டை ‘எடை-லைவ்’ என்று இன்னொரு ஸ்டாக்காக ஏற்றுங்கள். சாம்கான்ஃபிக் கோப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதி வைத்துக்கொண்டால் கை தவறி லைவில் சோதனை எடை ஏறாது.

இரவு அறிக்கை

லாம்டா யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடுகிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். எடுப்பு எடை மாலையில் என்பதால் அதில் இது தெரியாது. ஸ்டோர் பதிவில் கடிக்கும். காய் 45 முதல் 55 டிகிரி சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் காயும். ராத்திரி ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் வெப்பநிலை பதிவார்கள். யூடிசியில் தேதி எடுத்தால் அதிகாலை 5.30 வரைக்குமான பதிவெல்லாம் முந்தைய நாளில் போய் விழும். தேதி கணக்கிடும் எல்லா இடத்திலும் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

நேரம் வைத்து ஓட்ட ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரை எடுங்கள். சாம் டெம்ப்ளேட்டில் அதன் வகை ‘ஷெட்யூல் வி2’. அதில் நேர மண்டலம் சொல்ல இடம் உண்டு. பழைய ‘ஷெட்யூல்’ வகை யூடிசி மட்டும்தான் அறியும். இரவு 9 மணிக்கு ஒரு ஓட்டம்; மறுநாள் காலை 10 மணிக்குக் கடந்த மூன்று நாளுக்கும் இன்னொரு ஓட்டம். இரண்டாவது எதற்கென்றால், சார்ஜ் இல்லாமல் மலையிலேயே தங்கிவிட்ட போன் காலையில்தான் பேசும். ஷெட்யூலர் ஒரே வேலையை இரண்டு முறை எழுப்பிவிடும் வாய்ப்பும் உண்டு. அதனால் கோப்பின் பெயர் தோட்டமும் தேதியும் மட்டுமாக இருக்கட்டும். எத்தனை முறை ஓடினாலும் அதே கோப்பு மேலெழுதப்படும்.

சிஎஸ்வியை ‘யூடிஎஃப்8 சிக்’ என்ற முறையில் எழுதுங்கள். சாதாரண யூடிஎஃப்8-இல் எழுதி எக்செலில் இரட்டைக் கிளிக் செய்தால் தமிழ் கொச்சையாகச் சிதறும். கணக்குப்பிள்ளை இந்த ஏற்பாட்டையே நம்பாமல் போக அந்த ஒரு காட்சி போதும். கூட்டலுக்குக் கீழே பச்சைக்காய், காய்ந்த காய் விகிதத்தையும் ஒரு வரியாகப் போடுங்கள். பார்ட்டிஷன் கீயில் தேதி இருப்பதால் ஒரு மாதத்தை வாசிக்க நாளுக்கு ஒரு குவெரி போட வேண்டும். ஒரு குவெரி ஒரு முறைக்கு 1 எம்பிக்கு மேல் தராது. மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

லாக், அலாரம், செலவு

கிளவுட்வாட்ச் லாக் சும்மா விட்டால் என்றென்றும் சேர்ந்துகொண்டே இருக்கும். டெம்ப்ளேட்டில் லாக் குரூப்பையும் எழுதி 30 நாள் என்று வையுங்கள். இதை முதல் டிப்ளாயிலேயே செய்யுங்கள்; ஃபங்ஷன் ஒருமுறை ஓடித் தானாக லாக் குரூப்பை உருவாக்கிவிட்டால், பிறகு சேர்க்கும்போது பெயர் மோதும். டோக்கனை லாகில் எழுதாதீர்கள். எரர் எண்ணிக்கை ஐந்து நிமிடத்தில் ஒன்றைத் தொட்டாலே மின்னஞ்சல் வரும்படி ஓர் அலாரம் போதும்.

செலவைக் கணக்கிடலாம். தோட்டத்துக்கு 60 பேர், நாளுக்கு இரண்டு எடை, மாதம் 30 நாள்: 3,600 பதிவு. பத்துத் தோட்டம் என்றால் 36,000. ஒவ்வொன்றும் 256 எம்பியில் 0.2 விநாடி ஓடினால் மொத்தம் 1,800 ஜிபி விநாடி. லாம்டாவின் மாத இலவச அளவு 10 லட்சம் அழைப்பு, 4 லட்சம் ஜிபி விநாடி. கேட்வேக்குப் பத்து லட்சம் அழைப்புக்கு ஒரு டாலரை ஒட்டி. ஆகவே பில்லில் பெரிய எண் தெரிந்தால் அது எடைப் பதிவாக இருக்காது. திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும் போன், வரம்பில்லாத லாக், மறந்துபோன சோதனை ஸ்டாக் என்ற வரிசையில் தேடுங்கள்.

மலையில் சோதனை

மேஜையில் எல்லாம் ஓடும். சோதனையைச் சிக்னல் இல்லாத இடத்தில் செய்யுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பத்து எடை பதியுங்கள். ஆப்பை முழுதாக மூடித் திறந்த பிறகும் பத்தும் வரிசையில் நிற்க வேண்டும். பிறகு மோடை எடுத்து, இரண்டு விநாடியில் மறுபடி போடுங்கள். இதை நாலைந்து முறை செய்துவிட்டு முழுதாக அனுப்ப விடுங்கள். டேபிளில் பத்துப் பதிவு, அதற்கு ஒன்றுகூட மேலே இல்லை என்றால் சாவி சரி. அடுத்து இரவு 11.50-க்குப் பதிந்து 12.10-க்கு அனுப்பிப் பாருங்கள். அதன்பின் இரண்டு மணி நேரம் ஆஃப்லைனில் வைத்து, டோக்கன் காலாவதியான நிலையில் அனுப்பிப் பாருங்கள்.

இவை தாண்டியதும் ஒரே ஒரு தோட்டத்தில் தொடங்கலாம். முதல் எடுப்புச் சுற்று முடியும் வரை காகித நோட்டையும் நிறுத்தாதீர்கள். எடை போடுபவர் நோட்டிலும் எழுதட்டும், போனிலும் பதியட்டும். மாலைதோறும் இரண்டு கூட்டலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன் கூடுதலாகக் காட்டினால் யூயூஐடி எங்கோ இரண்டாம் முறை உருவாகிறது. பெரும்பாலும் ‘சேமி’யை இரண்டு முறை தொட்டதாக இருக்கும், தொட்டதும் பொத்தானை முடக்குங்கள். குறைவாகக் காட்டினால் போனில் வரிசை இன்னும் காலியாகவில்லை; எத்தனை பதிவு காத்திருக்கிறது என்ற எண்ணைத் திரையின் மேலேயே பெரிதாகக் காட்டுங்கள். ஒரு நாள் கூடி மறுநாள் அதே அளவு குறைந்தால், தேதி கணக்கிடும் ஏதோ ஓர் இடத்தில் இன்னும் யூடிசி மிச்சம் இருக்கிறது.